கறுத்த விரல்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் தென்னூரில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். நான் பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். என் கணவர் ஜீயபுரத்துத் தோட்டங்களில் வாழை இலை வாங்கி ஸ்ரீரங்கத்துக் கல்யாண வீடுகளுக்குக் கொடுப்பவர். ஒருநாள் இலைக்கட்டுக்குள் ஓர் ஓணான் வந்து சேர்ந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பழைய கம்பிவலை அலமாரியில் ஒரு மரக்கிளையைச் சாய்த்து வைத்து அவரே அதை வளர்க்க ஆரம்பித்தார். வெட்டுக்கிளி பிடித்து வருவார். என்னிடம் பேசுவதைவிட அதனிடம் அதிகம் பேசினார்.

ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. அது கிளையில் ஏறாமல் அலமாரியின் அடியில் கிடந்தது. வெயில் பட்டால் வெளுக்கும் உடம்பு அன்று வெளுக்கவில்லை. நகர்ந்தபோது பின்னங்கால் ஒன்றை ஊன்றாமல் இழுத்துக்கொண்டு போனது. எடுத்துப் பார்த்தேன். ஒரு விரல் வீங்கி, நுனி கறுத்திருந்தது. இலைக்கட்டு கட்டும் வாழைநாரின் இழை ஒன்று, தலைமுடி அளவுதான் இருக்கும், விரலின் அடியில் இறுகிச் சதைக்குள் புதைந்து கிடந்தது.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“ரெண்டு மூணு நாளா நொண்டுச்சு. தானா சரியாயிடும்னு விட்டுட்டேன்” என்றார்.

அவர் அதைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, ஊசியால் நெம்பி, நகம் வெட்டும் கத்தரியால் நாரை அறுத்தேன். ஊசி குத்தியும் அது காலை இழுக்கவில்லை. கடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனேன். ஆடுகளுக்கு நடுவே நின்ற டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலை மெல்லத் தடவிப் பார்த்தார்.

“எலும்பு ஒடியலை. ஆனா இந்த விரல் போயிடும். காய்ஞ்சு தானா விழட்டும், பிச்சு எடுத்துடாதீங்க. அடியில பேப்பர் போடுங்க. கிளைய எடுத்துடுங்க, ஏற வேண்டாம். கறுப்பு மேல ஏறுதான்னு தினமும் பாருங்க டீச்சர். ஏறிச்சுன்னா முதல்ல கால் போகும், அப்புறம் உயிர்.”

தினமும் பார்த்தேன். கறுப்பு ஏறவில்லை. ஆனால் ஐந்தாம் நாள் அறையில் ஒரு வாடை. ஓணானின் காலை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். சுள்ளி போலக் காய்ந்திருந்தது, வாடை இல்லை. பேப்பரை மாற்றினேன், அலமாரியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுநாளும் வாடை இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் கூடியது, எழுந்து போனால் குறைந்தது. இதைக் கவனிக்க எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது.

அவர் வலது பாதத்தில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது.

“என்னங்க இது?”

“இலை அறுக்கிற கத்தி பட்டுச்சு. ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி. வலியே இல்ல, விடு.”

அவருக்குச் சர்க்கரை வியாதி. ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவார். துணியைப் பிரித்தேன். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. அழுத்திப் பார்த்தேன். அவர் காலை இழுக்கவில்லை.

அன்றைக்கே பெரியாஸ்பத்திரி. இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். கறுப்பு மேலே ஏறிவிடுமோ என்று வார்டில் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் பக்கத்திலேயே நின்றேன். நாலாம் நாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த பிறகுதான் ஓணான் ஞாபகம் வந்தது. பேப்பர் மேல் செத்துக் கிடந்தது. விரல் விழுந்த இடம் சுத்தமாக ஆறியிருந்தது. பசியும் தாகமும்தான் கொன்றிருக்க வேண்டும்.

“அது எப்படி இருக்கு?” என்று அவர் கேட்டபோது, “விரல் விழுந்துடுச்சுங்க. நல்லா நடக்குது” என்றேன்.

மூன்று வாரம் கழித்து மாடிப்படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். காலி அலமாரி முன் நின்றார்.

“எங்க புதைச்ச?”

“கீழ, முருங்கை மரத்துக்கிட்ட.”

அவர் உட்கார்ந்து, நான் பார்ப்பதற்காகக் காலை நீட்டினார்.