கடை விலாசம்

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பொகவந்தலாவைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த நாங்கள் அண்ணன் முறை வைத்து அழைத்த அந்த முஸ்லிம் நானா, எந்தச் சாமானையும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உறையிலுள்ள பொடியெழுத்துவரை படித்துவிட்டுத்தான் விற்பார். சோப்புக் கம்பெனிக்கு நிறைய உறை அனுப்பினால் அவர்களுடைய குலுக்கலில் தையல் மெஷின் விழும் என்று நம்பி ஆறு சோப்பு கேட்டேன். ஒன்றை மட்டும் எடுத்துவைத்தார்.

"வாங்கித்தான் ஆகணும்னு சட்டமில்ல தங்கச்சி. வெறுந்தாள்ல பேரு, விலாசம் எழுதிப் போட்டாலும் சேத்துக்குவாங்கன்னு இதுலயே இருக்கு."

"தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏதுங்க நானா நம்பரு? தோட்டத்து ஆபீசுக்கு வர்ற கடுதாசி எங்க கைக்கு வந்ததே இல்லீங்க."

"அப்ப என் கடை விலாசத்தப் போடு."

மெஷின் விழவில்லை. ஆனால் அதற்குப்பின் என் மகள் எல்லா விண்ணப்பத்திலும் அந்த விலாசத்தையே எழுதினாள். பல்கலைக்கழகக் கடிதம் வந்த அன்று, நானா கடையைச் சாத்திவிட்டு மலையேறி லயத்துக்கே வந்தார். பொடியெழுத்தையும் விடாத மனிதர், அந்த உறையை மட்டும் பிரிக்காமல் அவளிடம் நீட்டினார்.