பதுருன்னிசா மடித்து வைத்த சட்டைகள்

பதுருன்னிசா அக்கா வீட்டு இரும்பு பீரோவின் மேல்தட்டு எப்போதும் பூட்டியே இருக்கும். உள்ளே நகை இருக்கிறது என்று தெருவில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். நகையெல்லாம் மகள் யாஸ்மின் கல்யாணத்தோடு திட்டக்குடிக்குப் போய்விட்டது. மேல்தட்டில் இருந்தவை அவள் வீட்டுக்காரர் பரக்கத்துல்லாவின் லினன் சட்டைகள். அவற்றில் ஒன்றைக்கூட அந்த மனுஷர் போட்டு யாரும் பார்த்ததில்லை.

நான் துர்காதேவி. அடுத்த வீடு. செராமிக் பட்டறையில் சாமானைப் பளபளப்புக்காகக் கிளேஸ் குழம்பில் முக்குகிற வேலை பார்க்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரர் ரத்தினவேல் சொல்லுவார். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த பீரோவை அக்கா திறக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவள் நான். இந்தக் கதையை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

பரக்கத்துல்லா அண்ணனுக்குக் குவைத்தில் ஒரு லாண்டரியில் இஸ்திரி வேலை. அங்கே வசதியானவர்கள் லினன்தான் விரும்பிப் போடுவார்களாம். அடுத்தவர் சட்டையை நாள் பூராவும் தேய்த்துத் தேய்த்து அண்ணனுக்கு அந்தத் துணியின்மேல் ஆசை வந்துவிட்டது. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போது தனக்கென்று ஒரு சட்டை வாங்கி வருவார். வாங்கி வருவதோடு சரி. "ஊரோட வந்துட்டப்புறம் போட்டுக்கறேன், பத்தரமா வையி" என்று அக்கா கையில் கொடுத்துவிட்டு, லீவு முடிகிற வரைக்கும் கைலியும் காலர் போன டீ ஷர்ட்டுமாகத் திரிவார். எனக்கு எரிச்சலாக வரும். ஆசைப்பட்டு வாங்கிய துணியைப் போடுவதற்கு நல்ல நாள் பார்க்கிற ஆளை நான் அவரைத் தவிரப் பார்த்ததில்லை.

முதல் சட்டை வெள்ளை. அக்கா அதைத் துவைக்கவே இல்லை. ஃபாரின் வாசனை போய்விடுமாம். வாசனை இன்னும் நிற்கட்டும் என்று காலரிலும் கக்கத்திலும் அத்தரைத் தொட்டுத் தடவி, வந்த பிளாஸ்டிக் கவரிலேயே திரும்பப் போட்டு, டேப் ஒட்டி, ரெண்டு பாச்சை உருண்டையும் சேர்த்து வைத்துவிட்டாள். குவைத்துக்கும் துபாய்க்கும் ஆளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற வீடுகளில் இது சகஜம். புருஷன் கொண்டுவந்த சோப்பைக்கூட உரசாமல் துணிக்கு நடுவில் வைத்து மோந்து பார்ப்பார்கள்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மணிமுத்தாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடியது. சுவரெல்லாம் ஓதம். அடுத்த லீவில் அண்ணன் வந்து கவரைப் பிரித்தபோது அத்தர் பட்ட இடமெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடந்தது. முதுகுப் பக்கம் மிளகைத் தூவியது மாதிரி பூஞ்சணப் புள்ளி. அக்கா முகத்தில் ரத்தமே இல்லை.

அண்ணன் திட்டவில்லை. சட்டையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். நான் அப்போது அங்கேதான் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பதுரு, இது நாரு. செடியிலேருந்து உரிச்ச நாரு. இது மூச்சு வுடணும்" என்றார். "பிளாஸ்டிக்குல போட்டு மூடுனா வேர்த்துப் போயிடும். செண்டு வேணாம், கஞ்சி வேணாம். தொவச்சி, நெழல்ல நல்லாக் காய வச்சி, பருத்தித் துணியில சுத்தி வையி. இஸ்திரி போட்டு வைக்காத, போடறப்ப போட்டுக்கலாம். இன்னொண்ணு. ஒரே மடிப்புல வருசக்கணக்கா வச்சிருந்தா அந்த மடிப்புலயே நூலு ஒடஞ்சிடும். அப்பப்போ பிரிச்சி வேற மாதிரி மடி."

"எங்களுக்கெல்லாம் இவ்ளோ பக்குவமா யாரும் சொல்லித் தர்றதில்லீங்கண்ணே" என்றேன். அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள் என்று பிற்பாடு தெரிந்தது.

அன்றிலிருந்து அக்கா மாறிவிட்டாள். அந்தக் காலத்தில் வெளியே போகும்போது போர்த்திக்கொண்ட வெள்ளைத் துப்பட்டி ஒன்று அவளிடம் இருந்தது. இப்போது எல்லாருக்கும் கறுப்பு புர்காதானே. சும்மா கிடந்த அந்தப் பருத்தித் துப்பட்டியை அலசிக் காயவைத்துச் சட்டைக்கு உறை ஆக்கினாள். ஈரத்துக்கு என்ன செய்வது என்று என்னைக் கேட்டாள். எனக்குச் சட்டென்று பட்டறைதான் ஞாபகம் வந்தது. மண் சாமானை முதல் சூளையில் சுட்டு, கிளேஸ் போடாமல் எடுத்தால் அதற்குப் பெயர் பிஸ்கட். நாக்கில் வைத்தால் நாக்கைப் பிடித்துக்கொள்ளும், அப்படி ஈரத்தை இழுக்கும். விரிசல் விட்டு ஒதுக்கிய பிஸ்கட் ஃபியூஸ் கட்டைகள் ஒரு கூடை கிடந்தன. சூபர்வைசரைக் கேட்டுக்கொண்டு ஒரு பை நிறைய அள்ளி வந்து கொடுத்தேன்.

"என்னாம்மா இது, பீரோவுக்கு கரண்டு இழுக்கப் போறியா?" என்றாள் அக்கா.

"சட்டைக்கு ஷாக்கு அடிக்காது, பயப்படாத. வாரம் ஒருக்கா வெயில்ல போட்டு எடுத்து வையி, ஈரம் குடிச்சிக்கும்" என்றேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்ட நாள் அது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குத் தெருவின் ஆண்கள் போய்விட்ட பிறகு அக்கா பீரோவைத் திறப்பாள். கட்டைகள் மாடியில் வெயிலுக்குப் போகும். சட்டைகள் கூடத்தில் நிழலில் விரியும். போனமுறை குறுக்கே மடித்ததை இந்தமுறை நெடுக்கே மடிப்பாள். அதற்கடுத்து மடிக்காமல் பாயைப் போலச் சுருட்டுவாள். கையை உதறி ஈரம் போனபிறகுதான் துணியைத் தொடுவாள். எனக்கு லீவு கிடைத்த வெள்ளிகளில் எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு வேடிக்கை பார்ப்பேன். தின்ற கையோடு கிட்டே போனால் விரட்டுவாள்.

அக்கா அந்தச் சட்டைகளைப் பார்க்கிற பார்வையில் எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம் வரும். ரத்தினவேல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் அடுத்து அது கிழிகிற அன்றைக்குத்தான் இறங்கும். அந்த நாற்றத்தைத் திட்டிக்கொண்டேதான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறேன். திட்டுவதற்கு ஓர் ஆள் வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்குப் போய் மறுபடியும் திட்டினேன், அது வேறு.

வெள்ளை, சந்தனம், சாம்பல், பச்சை என்று சட்டைகள் சேர்ந்தன. ஒவ்வொன்றும் ரெண்டு வருஷம். யாஸ்மின் கல்யாணத்துக்கு அண்ணன் வந்தார். அன்றைக்காவது லினன் போடுவார் என்று அக்கா சந்தனக் கலர் சட்டையைத் துவைத்து, தேய்த்து, கட்டில்மேல் எடுத்து வைத்திருந்தாள். அவரோ கடையில் வாங்கிய பாலியெஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "கூட்டத்துல கறி கொழம்பு பட்டுடும், பதுரு. அது ஊரோட வந்துட்டப்புறம்." அக்கா சட்டையை எடுத்து உள்ளே வைத்தாள். மகள் கல்யாணத்தைவிடப் பெரிய நாள் எந்த நாள்? எனக்கு அவரை அங்கேயே நான்கு கேள்வி கேட்கணும்போல இருந்தது. பந்தியில் சாப்பாடு போடுகிற நேரம், அதனால் விட்டேன்.

போன வருஷம் ரமலானுக்கு முன்னால் அண்ணன் சொன்னார், இந்தத் தடவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்று. அக்கா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். பீரோவில் தன் புடவைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, அவருக்கென்று நடுத்தட்டைக் காலி செய்தாள். எப்போதும் மெதுவாகப் பேசுகிறவள் அந்த மாசம் முழுக்கச் சத்தமாகப் பேசினாள்.

அண்ணன் வரவில்லை. சேத்தியாத்தோப்பு ரியாஸ் வந்தான். முகம்மது ரியாஸ், குவைத்தில் அண்ணனோடு ஒரே ரூமில் தங்கியிருப்பவன், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். கையில் ஒரு கவர்.

"மாமி, மாமா இன்னொரு காண்ட்ராக்டு போட்டுட்டாங்க. ரெண்டே வருசம்தான்னு சொல்லச் சொன்னாங்க. ஃபோன்ல சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு..." என்று இழுத்தான். கவருக்குள் ஒரு சட்டை. ஆகாச நீலம்.

அவன் டீயைக் குடித்துவிட்டுப் போன பிறகு அக்கா அந்தச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான்தான் பொறுக்கமாட்டாமல் கத்தினேன்.

"ஏன்க்கா, நீ என்னா அவரு சட்டைக்கு வாட்ச்மேனா? சட்டைக்கு நெழலு, சட்டைக்கு காத்து, சட்டைக்கு மடிப்பு! ஒன்ன யாரு பிரிச்சிப் பார்த்தாங்க இத்தன வருசமா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய் மேல்தட்டைத் திறந்தாள். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. எல்லாச் சட்டையையும் எடுத்துக் கட்டில்மேல் போட்டாள். நீலத்தோடு சேர்த்து ஏழு.

"எனக்கு சட்டை வேணாம் துர்கா" என்றாள். "சட்டைக்குள்ள ஆளு வேணும். இதையெல்லாம் நல்லா வச்சிருக்கறதாலதான் அவுங்க வராம இருக்காங்களோன்னு தோணுது. போடறதுக்குத் துணி இருக்குது, வைக்கறதுக்கு நான் இருக்கறேன், அப்பறம் என்னா அவசரம்?"

ஏழையும் துப்பட்டியில் மூட்டையாகக் கட்டினாள். ரியாஸ் திரும்பப் போகும்போது விடைபெற வந்தான். குவைத்துக்குப் போகிறவன் கையில் ஊறுகாய் கொடுப்பார்கள், இட்லிப்பொடி, கருவாடு, அல்வா கொடுப்பார்கள். அவன் அதற்குத்தான் பையில் இடம் வைத்திருந்தான்.

"மாமி, அங்கேருந்து இங்க துணி வரும். இங்கேருந்து அங்க துணி போயி நான் பார்த்ததே இல்லியே" என்றான்.

"இப்ப பாத்துக்க. குடுத்துட்டு ஒரு வார்த்த சொல்லு. பதுருன்னிசாவால இனிமே மடிக்க முடியாதாம், அங்கயே போட்டுக்கணுமாம்னு சொல்லு."

ரியாஸ் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

மூட்டை போய்ச் சேர்ந்தது. அண்ணன் ஃபோன் பண்ணவில்லை. தினமும் இஷாத் தொழுகைக்கப்புறம் பேசுகிறவர் ஒரு வாரமாகப் பேசவில்லை. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்தில் செய்துவிட்டோம், மனுஷர் வெறுத்துவிட்டார் என்று புலம்பினாள். தூண்டிவிட்டது என் வாய்தானே. பட்டறையில் கிளேஸ் தொட்டியில் கப்பை விட்டுவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்று சூபர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் சாயங்காலம் வீடியோ கால் வந்தது. அக்கா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்ததால் நான்தான் ஃபோனைப் பிடித்தேன். அண்ணன் எப்போதும் முகத்தை மட்டும் காட்டித்தான் பேசுவார். அன்றைக்கு ஃபோனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். உடம்பில் வெள்ளைச் சட்டை. அந்த முதல் சட்டை. மஞ்சள் கறை லேசாகத் தெரிந்தது.

தோள் தையல் கையில் பாதி வரைக்கும் இறங்கிக் கிடந்தது. காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. சட்டை வாங்கின காலத்தில் ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார்.

"என்னாங்க இது, ஒடம்பு எங்க போச்சு?" என்று அக்கா கத்தினாள்.

அவர் சிரிக்கப் பார்த்தார். "எல்லாத்தையும் போட்டுப் பார்த்தேன் பதுரு. எதுவுமே நிக்கல. நீலத்தக்கூட பழைய அளவுலதான் வாங்கியிருக்கேன். இது யாரு சட்டைன்னு ரூமுல கேக்கறாங்க. என்னோடதுதான்னு சொன்னேன். எவனும் நம்பல."

எத்தனையோ பேர் சட்டையைத் தேய்த்துக் கொடுத்த கையால் தன் சட்டையின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். சுகர் இருக்கிறதாம், ரெண்டு வருஷமாகவாம், சொல்லவில்லையாம். அக்கா ஃபோனை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"வந்துடுங்க" என்றாள். "இருக்கற ஒடம்போட வந்துடுங்க."

வந்தார். மழை முடிந்து பனி தொடங்கிய மாசத்தில், சென்னையிலிருந்து ரயிலேறி எங்கள் ஊர் ஜங்ஷனில் வந்து இறங்கினார். அக்கா, யாஸ்மின், நான் மூவரும் போயிருந்தோம். நீலச் சட்டை போட்டிருந்தார். விமானத்திலும் ரயிலிலும் உட்கார்ந்து வந்ததில் அது கண்டபடி சுருங்கி, முழங்கையிலும் வயிற்றிலும் நூறு மடிப்பு. இஸ்திரிக்காரர் அப்படி ஒரு சட்டையோடு பிளாட்பாரத்தில் நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அக்கா கிட்டே போனாள். இத்தனை வருஷமாக மடிப்பு விழாமல் காத்த கை, தானாகச் சட்டையின் ஓரத்தைப் பிடித்து நீவியது. "இப்படிக் கசக்கிட்டீங்களே" என்றாள்.

"போட்டா கசங்கத்தான் செய்யும் பதுரு" என்றார் அண்ணன்.

மறுவாரமே அக்கா என் ஃபியூஸ் கட்டைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். மேல்தட்டில் இப்போது சட்டை எதுவும் தங்குவதில்லை. அண்ணன் மீன் வாங்கப் போவது லினனில், ரேஷனுக்கு நிற்பது லினனில். ஏழும் மாறி மாறிக் கொடியில் ஆடுகின்றன. தோளில் தொங்குகிறதே, பாலக்கரை டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துத் தைக்கச் சொல்லட்டுமா என்று நான் கேட்டேன்.

"ஒண்ணும் புடிக்க வேணாம்" என்றாள் அக்கா, அடுப்பில் கேழ்வரகுக் கூழைக் கிண்டிக்கொண்டே. "சட்டை அப்படியே இருக்கட்டும். ஆளு அந்த அளவுக்கு வரட்டும்."