டவலைத் தூக்கிப் போட்டவர்

நேற்று டிவியில் கிரிக்கெட் வர்ணனையாளர் ஒருவர், தோற்கிற அணி 'டவலைத் தூக்கிப் போட்டுவிட்டது' என்று ஆங்கிலத்தில் சொன்னார். பால்கனிக் கொடியில் மழையில் காயாத துண்டின் ஈரவாடை. எழுந்துபோய்த் திருப்பிப் போடவும் அலுப்பாக இருந்தது. அப்படியே உட்கார்ந்து ரங்கநாதன் சாரை நினைத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ராஜா அண்ணாமலைபுரத்தில், ஒரு மாடியில், அவர் டுடோரியல் நடத்தினார். எஸ்.எஸ்.எல்.சி. தவறியவர்களுக்கு அவர் ஆங்கிலம், நான் கணக்கு. பையன்களில் பாதிப் பேர் என்னைவிட உயரம். கரும்பலகையின் மேல்பாதி எனக்கு எட்டவே எட்டாது. மணி அடிக்க, டீ வாங்கிவர, பெஞ்சு துடைக்கக் கன்னியப்பன். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வருவார். வகுப்பு முடியும்வரை வாசற்படியருகே நிற்பார்.

லஸ்ஸில் பெரிய டுடோரியல் ஒன்று வந்ததும் எங்கள் பெஞ்சுகள் காலியாயின. ஒருநாள் மாலை சார் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, டவலைத் தூக்கிப் போடப்போவதாக ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அர்த்தம் தெரியாது. கேட்கக் கூச்சம். கன்னியப்பனிடம் வந்து, சார் துண்டு போடப்போகிறாராம் என்று தமிழில் சொன்னேன். பஸ் ஜன்னலில் துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிற ஊர் இது, உங்களுக்குத் தெரியாததா?

"சார் எங்கியோ நல்ல எடமா புட்ச்சிட்டாரு, டீச்சர்" என்றார்.

நானும் நம்பினேன். தி.நகரா, மின்விசிறி இருக்குமா என்றெல்லாம் பேசிக்கொண்டோம். கன்னியப்பன் தன் வீட்டிலும் சொல்லிவிட்டார்.

பெஞ்சுகளை ஏற்ற வண்டி வந்த அன்று, புது இடம் எங்கே என்று கன்னியப்பன் கேட்டார். சார் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, வகுப்பெடுப்பதுபோல நிதானமாக விளக்கினார். கல்லூரியில் குத்துச்சண்டை போட்டவராம் அவர். ஒருவன் இனித் தாங்கமாட்டான் என்று தெரிந்தால், மேடைக்கு வெளியே நிற்கும் அவனுடைய ஆள் டவலை உள்ளே எறிவானாம். சண்டை அத்தோடு முடிந்துவிடுமாம்.

"அடி வாங்கறவன் அதைப் போடறதில்லை. எனக்கு வெளியில நிக்க ஆளில்லை, நானே போட்டுண்டேன்."

கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "நான் வெளியதான சார் நின்னுக்கினு இருந்தேன்."

சார் அவர் தோளைத் தொட்டார். சாக்பீஸ் டப்பாவை எடுத்து வைக்கிற சாக்கில் நான் உள்ளே போய்விட்டேன்.

சார் பம்பாயில் மகள் வீட்டுக்குப் போனார். அங்கேயே காலமானார் என்று கேள்வி. கரையோரக் குடிசைகளை எடுத்தபோது கன்னியப்பன் குடும்பத்தை எங்கே அனுப்பினார்கள் என்று விசாரிக்கப் போனேன். கேட்க அங்கே யாரும் மிச்சமில்லை.

போன மாதம் அந்தத் தெருவழியே வந்தேன். டுடோரியல் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டடம். நின்று அண்ணாந்து பார்த்ததும், யாரைப் பார்க்க வேண்டும் என்று காவலாளி மரியாதையாகத்தான் கேட்டார். சொல்வதற்கு என்னிடம் ஒரு பெயரும் இல்லை.