வாசலில் உடையாத பூசணிக்காய்

பாரிசிலிருந்து லண்டனுக்கு வந்து நாங்கள் திறந்தது தமிழ்க் கடை அல்ல. அந்தத் தெருவில் ஹெய்ட்டிக்காரரும் கரீபியன் சனமும்தான் அதிகம். உப்புக் கருவாடு, பெரிய வாழைக்காய், கண்ணில் தண்ணீர் வரவைக்கும் மிளகாய் என்று அவர்கள் கேட்டதையே அடுக்கினோம். எங்களுக்குப் பிரெஞ்சு தெரிந்ததால் ஹெய்ட்டிச் சனம் கதைக்கவும் வந்தது. சாமான்தான் அசையவில்லை.

அடுத்த தெருவில் இன்னொரு கடை வந்த பிறகு என் கணவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "கண்ணூறுதான்," என்றார். வருடக் கடைசி நாள் காலையில், நீற்றுப்பூசணி கிடைக்காததால், மிஞ்சியிருந்த ஒரேயொரு மஞ்சள் பூசணிக்காயின் மேல் கற்பூரம் கொளுத்திக் கடையைச் சுற்றினார். வாசலில் உடைக்க ஓங்கிய நேரம் பார்த்து, வழக்கமாக வரும் ஹெய்ட்டிப் பெண் வந்து நின்றாள்.

"அதை எனக்குத் தாருங்கள். நாளைக்குச் சூப் வைக்க வேண்டும். வேறெங்கும் கிடைக்கவில்லை."

நான் பதறிப்போய் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் கடைக் கண்ணூறெல்லாம் அதில் இறங்கிவிட்டது, சாப்பிடக் கூடாது. அவளுடைய மகள் நிறைமாதம் வேறு.

அவள் சிரிக்கவில்லை. "எங்கள் ஆட்கள் அடிமைகளாக இருந்தபோது இந்தச் சூப்பைப் பிரெஞ்சு எசமான்களுக்குக் காய்ச்சிக் கொடுத்தார்கள். எங்கள் ஆட்களை அதை வாயில் வைக்க அவர்கள் விடவில்லை. விடுதலை கிடைத்த புதுவருட நாளில்தான் எங்கள் ஆட்களும் குடித்தார்கள். நாளைக்கு என் மகள் குடிக்காமல் இருக்கக் கூடாது."

"குடுப்பமே?" என்றார் கணவர் என்னிடம்.

"உங்களுக்கென்ன விசரே? பிள்ளைத்தாய்ச்சி குடிக்கப்போறா."

"தேடி வந்த மனிசியை வெறுங்கையோட அனுப்பவும் ஏலாது."

நாங்கள் இழுபறிப்படும்போதே அவள் காயை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடினேன். ஆர்ச்வே கோயில் முருகனுக்கு நேர்த்தி வைத்தேன். மறுநாள் மத்தியானம் வரை அவளைக் காணவில்லை. இவரோ அடுக்கிய வாழைக்காயையே திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மகளும் வந்தாள். "புதுவருடச் சூப்பைத் தனியாகக் குடிப்பதில்லை," என்று சட்டியிலிருந்து இரண்டு கோப்பைகளில் ஊற்றி நீட்டினாள். எங்கள் கண்ணூறு எங்களிடமே திரும்பி வந்திருந்தது. இவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும் இருக்கோ?" என்று தமிழிலேயே கேட்டார்.

நான் மிடறு மிடறாகத்தான் குடித்தேன். அந்தச் சூப்பைக் குடிக்கக் கூடாது என்று அவர்களிடம் சொன்னவர்களின் வரிசையில், நேற்று நானும் நின்றிருந்தேன்.