தரகரின் செருப்பு

1991-இல் எங்கள் கம்பெனிக்கு இடம் பார்க்க வடக்குப்பட்டுக்குப் போனபோது உடன் வந்தவர் ஒரு நிலத் தரகர். சலவைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. எந்த வயலானாலும் வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்குவார். விற்கப்போகிற நிலத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்டேன்.

"சோறு போடற எடம் சார். செருப்போட மிதிக்கலாமா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது.

பத்திரம் பதிவான மறுநாள் எல்லைக் கல் நடப் போனோம். நான் மறக்காமல் வரப்பில் ஷூவைக் கழற்றினேன். அவரோ செருப்புக்காலோடு விறுவிறுவென்று நடு வயலுக்குப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், ஷூவ மாட்டிக்கினு வாங்க. இது இப்ப கம்பெனி எடம்."

அவருக்கு இருந்தது பக்தியா, தொழில் சுத்தமா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அன்று அங்கே வெறுங்காலோடு நின்றவன், நிலத்தை வாங்கிய கம்பெனியின் ஆளான நான் ஒருவன்தான்.