பிஷப் ஃபிஷருக்கு மன்னிப்பு

"தலையை இன்னும் கொஞ்சம் முன்னால தள்ளுங்க ஊலே. கழுத்து கட்டையில படல," என்றான் டேனி, கோடரியைத் தோளில் சாய்த்தபடி. வயதில் பெரிய ஆண்கள் எல்லோரும் அவனுக்கு ஊலேதான்.

பிஷப் வேடத்திலிருந்த பால் முழங்காலில் நகர்ந்து கழுத்தைப் பொருத்திக்கொண்டார். கட்டை யாங்கோனின் தாமுவே சந்தையில் ஹஸ்ஸானின் கறிக்கடையிலிருந்து இரவல் வாங்கியது. சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தும் ஆட்டுக் கொழுப்பு வாடை போகவில்லை. ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த வாடையை இழுத்துக்கொண்டே சாக வேண்டியிருந்தது. அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

கோடரி இறங்கியது. வெள்ளித்தாள் ஒட்டிய அட்டைதான். இருந்தாலும் ஹாலின் கோடியில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி "சேசுவே" என்றாள். இன்னொருத்தி மூக்கைச் சிந்தினாள். பிறகு கைதட்டினார்கள். ஒத்திகையில் கைதட்டுகிற வழக்கம் அந்தக் கத்தோலிக்கப் பங்கில் கிடையாது. பால் எழுந்திருக்கவில்லை. செத்தவன் உடனே எழுந்தால் நன்றாக இராது என்று கண்ணை மூடியபடி கடைசிக் கைதட்டல்வரை கேட்டார்.

மேடையோரத்தில் இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டாம் ஹென்றி ராஜா. சிவப்பு சோபாத் துணியில் தைத்த அங்கியைத் திறந்துவிட்டு, மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். ராஜாவின் வேலை மூன்றாம் காட்சியோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நாடகம் முழுக்க பிஷப் சாகிற வேலைதான்.

ஜூன் இருபத்திரண்டு ஜான் ஃபிஷர் திருநாள். ஐந்நூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் ராஜா தன் மனைவியைத் தள்ளிவைத்து இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். பிறகு திருச்சபைக்கும் நானே தலைவன் என்றார். நாட்டிலிருந்த பிஷப்மார்கள் எல்லோரும் ஆமாம் சாமி போட்டார்கள். ஃபிஷர் ஒருவர் மட்டும் போடவில்லை. தலையை வெட்டினார்கள். கதை இவ்வளவுதான். எழுதியது ஷாரோன். வெளிநாட்டுப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவள். பங்கில் கிழவர்கள்கூட அவளை சயாமா, அதாவது டீச்சர், என்றுதான் கூப்பிடுவார்கள். நடிப்பவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்களுக்கு வசனத்தைப் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். டேனிக்கு வசனமே இல்லை. அதனால்தான் அவன் தலை வெட்டுகிறவன்.

ஹென்றி வேடம் யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. யாங்கோனில் மின்சாரம் வருவதும் போவதும் மழைபோல ஆனதிலிருந்து, யார் ஜெனரேட்டர் கொடுக்கிறாரோ அவருக்கே தலைமை வேடம் என்பது அந்தப் பங்கில் ஒரு முறையாகிவிட்டது. ராஜரத்தினம் தாமுவேயில் ஜெனரேட்டர் கடை வைத்திருக்கிறார். பங்குப் பேரவைத் தலைவரும் அவரே. போன வருஷ நாடகத்தில் அவர் சேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன பிலாத்து. கைகழுவும் காட்சியில், கை துடைக்கத் துண்டு இல்லாமல் ஒரு கவர்னர் எப்படி நிற்பார் என்று கேட்டார். துண்டு கொண்டுவர ஒரு ஆள் தேவைப்பட்டது. பேரவைச் செயலாளர் சைமன் வந்தார். வந்தவர் போகவில்லை.

இந்த வருஷம் சைமனுக்கு வேலை கூடியது. ராஜரத்தினத்துக்குச் சர்க்கரை. அடிக்கடி வெளியே போக வேண்டும். அங்கியில் முடிச்சுகள் ஏராளம். முடிச்சை அவிழ்ப்பதும், கழிவறை வாசலில் அங்கியைத் தாங்கி நிற்பதும், திரும்பக் கட்டுவதும் சைமன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஷாரோன் சிரிக்கவில்லை.

"ஹென்றி அரண்மனையில இதுக்குன்னே ஒரு பதவி இருந்துச்சு. ராஜா வெளிக்குப் போறப்ப கூட நிக்கிறவர். பிரபுக்கள் அதுக்கு அடிச்சுக்குவாங்க. ராஜா தனியா மாட்டுற நேரம் அது ஒண்ணுதானே," என்றாள்.

அன்றிலிருந்து யாரும் சிரிக்கவில்லை. ஞாயிறு வாசகம் யார் படிப்பது, பாட்டுக்குழுவில் யாரைச் சேர்ப்பது, எல்லாம் சைமன் காதுக்குப் போய், கழிவறை வாசலில் ராஜாவின் காதுக்குப் போய், அங்கி முடிச்சு போடுவதற்குள் தீர்ப்பாகித் திரும்பியது.

பால் அதே ராஜரத்தினத்தின் கடையில் பில் எழுதுகிறவர். வீடு பசுந்தாங் பகுதியில் ஐந்தாம் மாடி. அப்பா துறைமுகத்தில் சரக்குக் கணக்கர். மிஷன் பள்ளிக்கூடம், ஆங்கிலக் கையெழுத்து, சாந்தமான சுபாவம் மூன்றையும் பிள்ளைக்கு விட்டுப் போனார். மூன்றில் கடைசியை மட்டும் பிறர் பயன்படுத்திக்கொண்டார்கள். ஐம்பத்தாறு வயதுக்குள் பால் எதற்கும் மாட்டேன் என்று சொல்லியதாக யாருக்கும் நினைவில்லை. தங்கை பங்கு கேட்காமலே அப்பாவின் வீட்டைக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைக் கேட்டார், கொடுத்தார். இப்போது தண்ணீரை வாளியில் சுமந்து ஏறுகிறார். நாடகங்களில் இடையர், கூட்டம், ஒரு முறை எரிகிற முட்செடி. முட்செடிக்குள்ளிருந்து வந்த கடவுளின் குரல் வேறொருவருடையது.

ஃபிஷர் வேடம் திறமையால் வரவில்லை. ஃபிஷரின் வெட்டுண்ட உடலைப் பார்த்தவர்கள், ஒரு மனிதன் இவ்வளவு ஒல்லியாக இருக்க முடியுமா என்று வியந்தார்களாம். ஷாரோன் அதைச் சொல்லிவிட்டு ஹாலை ஒரு சுற்று பார்த்தாள். பங்கில் அவ்வளவு ஒல்லி பால் ஒருவர்தான்.

வேடம் கிடைத்த பிறகு அவர் ஆளே மாறிப்போனார். பில் எழுதும்போது உதடு அசைந்தது. வீட்டில் தலையணையைக் கட்டையாக்கிச் செத்துப் பார்த்தார். கழுத்தை எந்தப் பக்கம் திருப்பினால் முகம் சபைக்குத் தெரியும் என்று மனைவி செசிலியாவைக் கேட்டார்.

"முகம் தெரிஞ்சா என்ன தெரியாட்டா என்னங்க? வெட்டிருவாங்கல்ல," என்றாள் அவள்.

"அதுக்கு முன்னால ஒரு நிமிஷம் இருக்கு."

அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் தன்னைப் பெற்றார்கள் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. இதைப் பக்தி என்று சொல்வதற்கில்லை.

வார்டு ஆபீசில் அனுமதி வாங்கியதும் சைமன்தான். நாடகத்தில் ராஜா ஒருவரைக் கொல்கிறார் என்றதும் அதிகாரி நிமிர்ந்திருக்கிறார். எந்த நாட்டு ராஜா? இங்கிலாந்து. இப்போது இருக்கிறாரா? செத்து ஐந்நூறு வருஷம் ஆகப்போகிறது. அப்படியானால் சரி என்று முத்திரை குத்திவிட்டார்.

நாடகத்துக்கு முந்தின நாள் சைமன் கடைக்கு வந்து பாலின் மேஜையில் ஒரு கையை ஊன்றினார்.

"பாலு, ஒரு சின்ன மாத்தம். நீ சாகப்போறதில்ல."

"என்ன?"

"தலைவர் உன்ன மன்னிக்கிறார். நீ தலைய வைக்கிற, டேனி ஓங்குறான், ராஜா ஓடி வந்து நிறுத்துங்கன்னு சொல்றார். நீ எழுந்து கைய முத்தம் பண்ற. அவர் உனக்கு பிஷப்புக்கும் மேல் பதவி, கார்டினல் தொப்பி வைக்கிறார். கொடுத்து வச்சவன்டா நீ."

பால் பேனாவை மூடி வைத்தார். ராஜாவைப் பார்க்க வேண்டும் என்றார். முதலாளி உள்ளறையில் பத்தடி தூரத்தில் இருந்தார். முப்பது வருஷமாக நேரே போய்க்கொண்டிருந்த அறை. "நான் கேட்டுச் சொல்றேன்," என்றார் சைமன்.

மாலையில் ஹாலின் உடைமாற்றும் அறையில் பேட்டி கிடைத்தது. ஷாரோன் ஏற்கெனவே அங்கே நின்று வாதாடிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், ராஜா ஏற்கெனவே ஒரு தடவை மன்னிச்சிருக்காரு. தூக்குல தொங்கவிட்டு நாலா வெட்டணும்னுதான் தீர்ப்பு. போனாப் போகுது, தலைய மட்டும் வெட்டுங்கன்னாரு."

"பாத்தியா! மன்னிக்கிற மனுஷன்தானே!" ராஜரத்தினம் தொடையைத் தட்டினார். "நீதான் அவரக் கெட்டவனா எழுதியிருக்க."

"தொப்பிய அனுப்பினது போப்பு. 'தொப்பி வரட்டும், வைக்கத் தலை இருக்காது'ன்னு சொன்னவரு ராஜா. அவரே எப்படித் தொப்பி வைப்பாரு? இது சரித்திரம் அங்கிள்."

"சயாமா, சரித்திரத்துக்கு ஜெனரேட்டர் யாரு கொடுத்தா?"

பேரவை உறுப்பினர்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். மன்னிப்பு கிறிஸ்தவப் பண்பு என்றார் ஒருவர். பிள்ளைகள் பயப்படாமல் இருப்பார்கள் என்றார் இன்னொருவர். ஃபாதரிடம் கேட்கலாம் என்றாள் ஷாரோன். ஃபாதரிடம் சைமன் கேட்டாகிவிட்டது. கலைக்குழுவின் முடிவே தன் முடிவு என்று ஃபாதர் சொல்லிவிட்டார்.

"அன்னைக்கும் பிஷப்மாருங்க இப்படித்தான் வரிசையா நின்னாங்க," என்று சொல்லிவிட்டு ஷாரோன் பேனாவைத் திறந்தாள். பிஷப் ஃபிஷர் ஊருக்குத் திரும்பி நெடுங்காலம் சுகமாக வாழ்ந்தார் என்று கடைசி அறிவிப்பை மாற்றி எழுதினாள்.

ராஜரத்தினம் பாலைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

பால் வாயைத் திறந்தார். "முதலாளி, நான் செத்துர்றனே," என்று கெஞ்சுகிற குரலில் வந்தது.

"எதுக்குச் சாகணும்? நான்தான் மன்னிக்கிறேனே."

"அந்த சீன் நல்லா வருது முதலாளி."

"அதான். அதான் நல்லா வருதுல்ல. அதுல ராஜா இல்லாம எப்படி?" அவர் எழுந்தார். சைமன் முடிச்சை அவிழ்க்க ஓடினார். "பாலு, கடையில உன்ன எப்படி வச்சிருக்கேன்னு உனக்கே தெரியும். மேடையில என்னக் கேவலப்படுத்தினா கடைப் பக்கம் வராத."

வீட்டில் செசிலியா சொன்னாள்: "மன்னிச்சா நல்லதுதானேங்க. கைய முத்தம் பண்ணிட்டு வந்துருங்க. வேலை போச்சுன்னா இந்த வயசுல யாரு தருவா?"

"ஆமா," என்றார் பால். வழக்கமாகச் சொல்கிற ஆமாதான். ஆனால் அன்று தலையணையை எடுக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஞாயிறு நல்ல மழை. தகரக் கூரையில் கொட்டுகிற சத்தத்துக்கு மேல் வசனத்தைக் கத்த வேண்டியிருந்தது. ஹால் நிறைந்திருந்தது. ராஜா மின்விசிறியை மேடைக்கே கொண்டுவரச் செய்திருந்தார். மூன்று காட்சிகளிலும் அவருடைய மேலங்கி நன்றாகப் பறந்தது.

கடைசிக் காட்சி. பால் சபையைப் பார்த்து நின்றார். "நல்ல மக்களே, சாவைக் கண்டு பயப்படாதவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். கால் நடுங்குகிறது. நான் விழுந்துவிடாமல் எனக்காக ஜெபியுங்கள்." மழைச் சத்தத்தையும் மீறி ஹால் அமைதியாயிற்று. அவர் மண்டியிட்டுக் கட்டையில் தலை வைத்தார். முகம் சபையின் பக்கம்.

டேனி கோடரியை ஓங்கினான்.

"நிறுத்துங்கள்!" ராஜா சிவப்புத் தொப்பியோடு வந்தார். "ஜான் ஃபிஷர், உன்னை மன்னித்தேன். எழுந்திரு!"

எழுந்திருக்க வேண்டும் என்றுதான் பால் நினைத்தார். இரண்டு கையையும் ஊன்றக்கூடச் செய்தார். ஆனால் முன்வரிசையில் ஒரு கிழவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவள் இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை. இன்னும் ஒரு நொடி இருந்தால் அழுதுவிடுவாள். கைகளைத் திரும்ப முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எழுந்திரு, ஃபிஷர்!"

"நான் குற்றம் செய்யவில்லை, அரசே. செய்யாததற்கு மன்னிப்பு எதற்கு?"

இது எழுதியதில் இல்லை. திரைக்குப் பின்னால் ஷாரோன் வசனத்தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

ராஜா குனிந்தார். கடைக் குரல் வந்துவிட்டது. "டேய் பாலு, எழுந்திருடா. நாளைக்குக் கடைக்கு வரணுமா வேணாமா?"

சபையில் பாதிப்பேர் சிரிக்கத் தொடங்கினார்கள். பால் கட்டையில் வைத்த தலையை எடுக்காமல், தூய நாடகத் தமிழில், கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னார்: "நாளை என்று எனக்கு ஒன்றும் இல்லை, அரசே."

சிரிப்பு நின்றது. கிழவி அழுதாள்.

ராஜரத்தினம் நிமிர்ந்தார். முகம் அங்கியின் நிறத்துக்கு வந்தது. கையில் தொப்பி. வைப்பதற்குத் தலை கிடைக்கவில்லை. அதைத் தரையில் ஓங்கி அடித்தார். "டேனி! வெட்டுடா! வெட்டுடா அவன!" என்று கத்தினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று பிறகு சொன்னார்கள்.

முதல் தடவையாக ஒருவர் தன்னிடம் வசனம் பேசியதில் திகைத்துப் போன டேனி வெட்டினான்.

கைதட்டல் எழுந்தது. எழுந்து நின்றே தட்டினார்கள். ராஜரத்தினம் திடுக்கிட்டுச் சபையைப் பார்த்தார். அது தனக்குத்தான் என்று புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் குனிந்து வணங்கினார். திரை விழவில்லை. இழுக்க வேண்டிய சைமன் துண்டோடு ராஜாவிடம் ஓடிவந்துவிட்டார். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், பிஷப் ஃபிஷர் ஊருக்குத் திரும்பி நெடுங்காலம் சுகமாக வாழ்ந்தார் என்று மாற்றி எழுதியபடியே வாசித்தது. பால் அசையாமல் கிடந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. மழை விடவில்லை. பால் வழக்கம்போல எட்டரை மணிக்குக் கடைக்குப் போனார். ராஜரத்தினத்தைப் பார்க்கப் பங்கு ஆட்கள் சிலர் வந்திருந்தார்கள். ராஜா என்றால் அப்படித்தான் கத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள். சைமன் வெளியே வந்து, பாலுக்கு இனிக் கடையில் வேலை இல்லை, ஆற்றுக்கு அக்கரையில் தாகேதாவிலுள்ள கிடங்கில் உண்டு, இன்றே போகலாம் என்றார். பால் சரி என்றார். பஸ் பிடித்துப் பாலத்தைத் தாண்டிப் போனார். கிடங்கில் மேஜை இல்லை. பெட்டிகளின் எண்களை நின்றுகொண்டே சரிபார்த்தார். மத்தியானம் சோறு சாப்பிட்டார். ஐந்து மணிக்குக் கிடங்கைப் பூட்டினார்கள். திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. வீட்டில் தண்ணீர் இல்லை என்றாள் செசிலியா. இரண்டு வாளி கொண்டுவந்து வைத்தார். கிடங்கைப் பற்றிக் கேட்டாள். தூரம் என்றார்.