உப்புத் தண்ணின்னா எந்தத் தண்ணி?

போன திங்கட்கிழமை எங்கள் கம்பெனிக்கு வந்த விசிட்டர் ஒருவர், ரிசப்ஷனில் இருக்கும் கடல் மீன் தொட்டியை விட்டு நகரவே இல்லை. "நம்ம டேங்க் சார்!" என்று ஜி.எம். பெருமை அடித்துக்கொண்டார்.

நம்ம டேங்க்காம்! மூன்று மாசம் முன்னால் இதே வாய்தான் "தூக்கிக் கடாசுங்க" என்றது.

கும்மிடிப்பூண்டியில் ஸ்டீல் கம்பெனி எங்களுடையது. பழைய முதலாளி ஆசையாக வைத்த தொட்டி. கம்பெனி கைமாறியதும் கேட்பாரில்லை. கண்ணாடி முழுக்கப் பாசி... கிட்டே போனால் நாற்றம். உள்ளே மிச்சம், ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரே ஒரு மீன். பாறை மேல் சட்டைப் பட்டன் மாதிரி மூடிக்கிடந்த பவளங்கள். அதுகளுக்கு உயிர் இருக்கிறதா என்றே யாருக்கும் தெரியாது.

கடாசச் சொன்ன அன்று, அந்த மீன் கண்ணாடி ஓரம் வந்து நின்றது. மனசு கேட்கவில்லை. "நான் பாத்துக்கிறேன் சார்" என்று வாயை விட்டுவிட்டேன். துளசிச் செடியைக்கூட ஒழுங்காக வளர்த்தவன் இல்லை நான்!

"ஒரு மாசம் டைம். தேறலைன்னா டிரெயினேஜ்தான்" என்றார் ஜி.எம்.

பாசியைச் சுரண்டினேன். டியூப் லைட் மாற்றினேன். ஹவுஸ்கீப்பிங் செல்வியிடம், "தண்ணி குறையக் குறைய உப்புத் தண்ணி ஊத்திடும்மா" என்றேன் — ரொம்ப விவரமாக!

பத்தே நாளில் மீன் சாப்பிடுவதை நிறுத்தியது. மூலையில் சாய்ந்து மூச்சு வாங்கியது. புதுவாயல் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தானாம். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுமாம். குறைகிற அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊற்ற வேண்டுமாம். அடக் கடவுளே!

"செல்வி, உப்புத் தண்ணி எங்கேர்ந்து கொண்டாந்தே?"

"இன்னா சார் இப்டி கேக்குறீங்க? நம்ம போர் பைப்புலதான்! டீ போட ஆவாது, துணி தொவைக்க ஆவாது... அதைவுட உப்புத் தண்ணி எங்க கீது?"

அவள் மேல் என்ன தப்பு? எங்கள் பக்கம் குடிக்கிறது நல்ல தண்ணி, போரில் வருவது உப்புத் தண்ணி. பிறந்ததிலிருந்து நானும் அப்படித்தானே சொல்கிறேன்?

கேன்டீனுக்கு மீன் போடும் பழவேற்காட்டு காதர் பாயிடம் கடல் தண்ணி கேட்டுக் கெஞ்சினேன். "ஏரித் தண்ணி மழைல சப்புன்னு கீது சார். முகத்துவாரம் தாண்டி, அசல் கடல் தண்ணியா மொண்டுக்கினு வர்றேன்" என்றார். கேன் கேனாக வந்தது. பழசைக் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, புதுசைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். செல்வி தன் நெற்றி ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் தண்ணி மட்டத்துக்கு நேராக ஒட்டினாள். தினமும் அதுவரைக்கும் நல்ல தண்ணி. ஒரு சொட்டு கூடாது, குறையாது.

கெடு முடிய இரண்டு நாள். காலையில் கார்டு அடித்துவிட்டு நுழைகிறேன், ரிசப்ஷனிலிருந்து செல்வியின் கத்தல். "சார்! பூத்துக்கிச்சு சார்!"

ஓடினேன். பட்டன் அத்தனையும் பச்சைப் பச்சையாக விரிந்து ஆடிக்கொண்டிருந்தது! மீன் தீனிக்காக மேலே பாய்ந்தது. ஆபீஸ் என்றும் பார்க்காமல் நான் விசிலடித்தேன். ஜெயித்துவிட்டோம்!

அந்தப் பூவைத்தான் போன திங்கட்கிழமை விசிட்டர் ரசித்தார். கிளம்பும்போது கேட்டார்: "அதென்ன, கண்ணாடில ஒரு ஸ்டிக்கர் பொட்டு?"

ஜி.எம். அதை அன்றுதான் முதன்முதலாகக் குனிந்து பார்த்தார். மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு செல்வி வந்தாள். "கடல் மீன் சார். நல்ல தண்ணி அதுவரைக்கும்தான்."

டேங்க் யாருடையது என்று விசிட்டருக்குப் புரிந்திருக்கும்!